காற்று வராத மதியம்

மாமா,

இன்று காலை வெந்நீர் அடுப்பில் சவுக்கு மிலாறு வைத்துப் பற்றவைத்தேன். நேற்று நடராஜரைக் கும்பிட வந்த தனம் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து பின்பக்கம் இறக்கிவிட்டுப் போனாள். காய்ந்த குச்சியும் ஊசி ஊசியான சருகும். ஒரே தீக்குச்சிதான், படபடவென்று பிடித்துக்கொண்டது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அண்டாவில் தண்ணீர் ஊற்ற மறந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பிசின் வாடை, கொஞ்சம் கடல் உப்பு வாடை. உங்கள் சட்டையைத் துவைக்கப் போட்டால் வருமே, அதே வாடை.

அழவில்லை மாமா. முதலில் அண்டா காய்கிறதே என்று பதறினேன். அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. குமராட்சியில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து வரிசையாக நிற்காது. இனிமேல் நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் அம்மாவுக்குக் கடைசித் தம்பி. பாவாடை கட்டிய நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரையே கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்தேன். பல்கலைக்கழகத்தில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "எங்க மாமா கரண்டு சம்பந்தமா ஆராய்ச்சி பண்றாங்க" என்று பெருமையாகச் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டுத் தெற்கு வீதி மாமி ஒரு நாள் ஓடாத மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நீங்கள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க மாமி" என்றீர்கள். மாமி நம்பவில்லை. "யுனிவர்சிட்டியில கரண்டு படிச்சவருக்கு மிக்சி தெரியாதா? செய்ய மனசில்லேன்னு சொல்லுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த கார்த்திகை வரைக்கும் என்னோடு பேசவில்லை.

மிக்சி வந்த அன்று சாயங்காலம்தான், "அப்படி இன்னாதான் மாமா பண்றீங்க?" என்று கேட்டேன். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். வெயில் ஏறினால் கம்பி தொய்யும். காற்று அடித்தால் தொய்ந்த கம்பிகள் ஒன்றை ஒன்று தொடும். தொட்டால் பொறி விழும். கீழே ஈரத் தரையாக இருந்தால் ஒன்றுமில்லை, காய்ந்த சருகாக இருந்தால் தோப்பே போய்விடும்.

"அப்ப காத்து அடிக்கிற நாள்ல கரண்ட நிறுத்திட்டா தீந்துது" என்றேன்.

"நிறுத்தலாம். யார் நிறுத்தறது? எப்ப சொல்றது? நிறுத்தினா யாருக்குக் கஷ்டம்? அந்தக் கஷ்டத்துக்கு யார் பொறுப்பு? இதுக்கெல்லாம் பதில் எழுதினாத்தான் கமலா, அது சட்டமாவும். அந்தப் பதிலத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

கத்தரிக்காய் கறுத்துப்போகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தீர்கள். சிதம்பரத்தில் ஏது காடு, காட்டுத் தீயைப் பற்றி ஆராய்ச்சி பண்ண இந்த ஆளுக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையா என்று உங்கள் கூட இருந்தவர்களே கேட்பார்களாம். "காடுன்னா அதுல புலி இருக்கணும்னு இல்ல. எரியற அளவுக்குச் சருகு இருந்தா அது காடுதான்" என்பீர்கள். திட்டக்குடிப் பக்கம் கரும்புச் சோகை, கடலோரத்தில் சவுக்கும் முந்திரியும். எல்லாம் உங்கள் கணக்கில் காடு.

அந்தக் காட்டுக்கெல்லாம் நானும் வரவேண்டும் என்று எழுதியிருந்தது போல. உங்களுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து, டாக்டர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடாது என்று சொன்னாரே, அன்றைக்கு ஆரம்பித்தது. போகாமல் இருக்கச் சொன்னால் நீங்கள் கேட்கிற ஆளில்லை. தனியாகப் போகக்கூடாது என்றுதானே சொன்னார் என்று அதையே பிடித்துக்கொண்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டீர்கள். மடியில் மாத்திரைப் பை, கையில் மோர் பாட்டில். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது புடவைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில்கூட நாம் இப்படிச் சுற்றியதில்லை. உங்களுக்கு உடம்புக்கு வந்ததை நல்லது என்று சொல்லக்கூடாதுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலோர மணல் ஊர் அது. பேர் வேண்டாம். அங்கேதான் தனத்தைப் பார்த்தோம். மாவு மிஷின் வைத்திருப்பவள். புருஷன் வளைகுடாவில். அவள் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, தோப்புக்கு மேலே கரண்டுக் கம்பி. அதற்கு முந்தைய சித்திரையில் ஒரு மதியம் கம்பி உரசி, பொறி விழுந்து, தோப்பும் எரிந்து அவளுடைய மாட்டுக் கொட்டகையும் எரிந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் பிழைத்தது. முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. தோப்பில் எரிந்த பக்கம் கருகி நின்றது, எரியாத பக்கத்தில் மறுபடியும் சருகு சேர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் வீடு.

உங்கள் ஆராய்ச்சிக்கு அந்தக் கோடைதான் கடைசி. அதற்குள் ஒரு ஊராவது, வெயிலும் மேல்காற்றும் சேர்ந்து வரும் மதியங்களில் கரண்டை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்து, கோடை முடிகிற வரைக்கும் அந்தச் சம்மதத்தில் நிற்கவேண்டும். இல்லையென்றால் எழுதியதெல்லாம் அலமாரிக்குப் போய்விடும். இதை நீங்கள் எனக்குச் சொன்ன இடம்கூட நினைவிருக்கிறது, பி.முட்லூரில் டீக்கடை வாசல். சொல்லிவிட்டு, "போனா போவுது" என்றீர்கள். போனால் போகட்டும் என்கிற முகம் இல்லை அது.

ஊர்க் கூட்டம் போட மாரியம்மன் கோயில் மைக்கில் வைத்தியை அறிவிக்கச் சொன்னோம். அந்த ஊரில் கல்யாணம், சாவு, மீன் வண்டி எது வந்தாலும் வைத்தியின் குரல்தான். அவர் பங்குக்கு நன்றாகத்தான் சொன்னார். "நாளை மதியம், கரண்டு நிறுத்தறது சம்பந்தமா, யுனிவர்சிட்டி சார் பேசறாங்கோ, எல்லாரும் வரணும்." மறுநாள் போய்ப் பார்த்தால் கோயில் வாசலில் ஒரு குஞ்சு இல்லை. நாற்காலி மட்டும் வரிசையாக. வைத்தி மைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாவு மிஷினுக்குள்ளிருந்து தலை முழுக்க மாவோடு தனம் எட்டிப் பார்த்தாள்.

"எங்கம்மா ஊரு?" என்று கேட்டீர்கள்.

"கரண்டு நிக்கப்போவுதுன்னு மைக்குல சொன்னாருல்ல சார், எல்லாம் கிளம்பிடுச்சுங்க. பாதி சனம் கடலூரு, மீதி சிதம்பரத்துல சினிமாக் கொட்டாய். காலையில ஆறு மணிக்கே என் மிஷின்ல வரிசை. எல்லா வூட்லயும் தண்ணி புடிச்சாச்சு, மாவு அரைச்சாச்சு, போன் சார்ஜ் போட்டாச்சு. நீங்க ஏன் சார் இன்னும் நிறுத்தல?"

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்களே, அந்த மாதிரி நினைத்துக்கொண்டார்கள். வைத்தி தலையில் அடித்துக்கொண்டார். "பாதிதான் காதுல வாங்கும் இந்த ஊரு. சாப்பாடு இருக்குன்னு சொல்லு, மைக்கே வேணாம்."

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தீர்கள். "கமலா, முன்னாடி நாள் சொன்னா போதும்மா. ஊரே தானா ஏற்பாடு பண்ணிக்குது. இதை நான் நாலு வருஷமா எங்கெங்கியோ தேடினேன்" என்றீர்கள். ஆள் வராத கூட்டத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வைத்தி, "கரண்டு நிக்காது, நிக்காது, பேச்சு மட்டும்தான்" என்று மூன்று தடவை சொல்லிக் கூட்டினார். வந்தார்கள். வந்து உங்களைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். வைத்திதான் முதலில் எழுந்தார்.

"சார், புயல் அடிச்சப்ப கரண்டு வேணும்னு நடுரோட்டுல மறியல் பண்ணிச் சோறாக்கித் தின்ன ஊரு இது. எங்கள்ட்ட வந்து கரண்ட நிறுத்திக்கிறீங்களான்னு கேக்கறீங்களே, எவ்ளோ தைரியம், நெஞ்சுல மாஞ்சா சோறுதானா உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தனம் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. கரண்டு நின்றால் மிஷின் நிற்கும், நிற்காவிட்டால் வீட்டுக்குப் பின்னால் சருகு. "மொத நாள் வெளக்கு வைக்கிறதுக்குள்ள சொல்லிடுவீங்களா சார்?" என்று கேட்டாள். "சொல்லிடுவோம்." "சொன்ன நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆவாதே?" "ஆவாது." "மூச்சு மிஷின் வெச்சிருக்காரே பெரியவரு, அவருக்கு?" "பேட்டரி குடுக்க ஏற்பாடு பண்ணிருக்கு." தனம் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு தடவ பாப்போமே. நம்ம தோப்புதான எரிஞ்சது, சார் தோப்பா எரிஞ்சது?" அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் "ஒரு தடவ" என்றுதான் சொன்னார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஒரு தடவைதான் மாமா காற்று வராமல் போனது.

வானிலைச் சேதியெல்லாம் பார்த்து, மின் அலுவலகத்தில் பேசி, முதல் நாள் மாலையே வைத்தி மைக்கில் சொல்லி, மதியம் பன்னிரண்டுக்கு லைன்மேன் ஏழுமலை கரண்டை நிறுத்தினார். காக்கா கத்தக்கூட இல்லை. சவுக்கு ஊசி ஒன்று அசையவேண்டுமே! வெயில் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஊர் மொத்தமும் கோயில் வேப்பமரத்தடிக்கு வந்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்தபடி விசிறிக்கொண்டிருந்தது.

"சார், காத்து எந்த பஸ்ல வருது? கடலூரு பஸ்லயா, சிதம்பரம் பஸ்லயா?"

"யோவ், குமராட்சி மினி பஸ்ல வருதுய்யா. அது எந்த நாள் நேரத்துக்கு வந்துது?"

"எறங்க வேண்டிய எடத்துல தூங்கிடுச்சோ என்னமோ."

நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஆனால் நான் பக்கத்தில் இருந்தேனே. மோரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தீர்கள். காற்று வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், உடனே பயந்தும் போனேன். காற்று வந்தால் நல்லது என்று நினைக்கிறோமே, இது என்ன வேண்டுதல்? அப்போதுதான் உங்கள் வேலை எவ்வளவு கஷ்டமானது என்று புரிந்தது. ஆபத்து வரவில்லை என்றால் சனங்கள் சந்தோஷப்படவேண்டும், ஆனால் திட்டுகிறார்கள். யாரைக் குறை சொல்ல? வேர்த்து ஊற்றுகிறது, விசிறி ஓடவில்லை.

ஒரு மணி இருக்கும். தனம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். சும்மா உட்கார அவளால் முடியாது.

"ஏழுமல, கம்பியில கரண்டு சுத்தமா இல்லியா?"

"இல்ல தனம்."

"தொட்டா?"

"ஏன், தொட்டுப் பாக்கப் போறியா?"

"அட, அதில்லய்யா. கம்பிக்கு அடியில எவ்ளோ மிலாறு கெடக்குது பாத்தியா? யாரு மாடோ ஒண்ணு கரண்டு அடிச்சுச் செத்ததுல இருந்து அந்தப் பக்கம் ஒரு பொம்பள போவல. இப்பத்தான் கரண்டு இல்லியே, போயி வாரிக்கிட்டா இன்னா? ஒரு மாசத்துக்கு அடுப்புக்கு ஆவும்."

தோப்பில் மற்ற இடத்திலெல்லாம் விறகுக்கென்று பெண்கள் அன்றாடம் வாரிவிடுவார்கள், மண் தெரியும். கம்பிக்கு நேர் கீழே மட்டும் பயந்து யாரும் போவதில்லை. அங்கே கணுக்கால் புதையச் சருகு. பொறி விழுகிற இடமும் அதுதானே. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஏழுமலை, வாரலாமா?" ஏழுமலை மிரண்டுபோனார். "என்னைக் கேட்டா எப்படி சார், மேல கேக்கணும்." மேலே கேட்டார். நீங்களும் போனை வாங்கிப் பேசினீர்கள். கடைசியில், இரண்டு பக்கமும் கம்பியை மண்ணோடு இணைத்துக் கட்டிவிட்டு, ஏழுமலை கூடவே நிற்கவேண்டும், காற்று துளி அசைந்தாலும் எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்கள்.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்லவேண்டும். முறம், துடைப்பம், சாக்கு, பழைய வேட்டி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். "ஏய், என் பக்கம் வாராத, இது எங்க வூட்டுக் கம்பி" என்று ஒருத்தி. "கம்பி உங்க வூட்டுக்குச் சீதனமா வந்துதா?" என்று இன்னொருத்தி. நானும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் நீங்களும் துடைப்பமும் சாக்குமாக வந்துகொண்டிருந்தீர்கள்.

"மாமா, டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தனியா வண்டி ஓட்டாதன்னாரு. வாராதன்னு சொல்லல."

தனம் சாக்கை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "சார், நீங்க கூட்டற லட்சணத்துக்கு இதுல பாதி மண்ணுதான் இருக்கும். அக்கா, இவர வூட்ல பெருக்க வுட்டதே இல்லியா?" மூன்று மணிக்குள் கம்பிக்கு அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. காற்று அசைந்திருந்தால் யாரையும் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். வராததால்தான் வார முடிந்தது. நீங்கள் தோப்பு ஓரத்தில் நின்று அந்த வெள்ளைக் கோட்டை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தீர்கள். "இத நான் எழுதவே இல்லியே" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். அந்தக் குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. மோரையும் அப்புறம்தான் குடித்தீர்கள், வெந்நீர் மாதிரி ஆகியிருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் காற்று எச்சரிக்கை. சாயங்காலம் நம் வீட்டு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தீர்கள். விளக்கு வைப்பதற்குள் வைத்தியிடம் சொல்லவேண்டும். கோயில் மணியும் அடித்துவிட்டது. நீங்கள் கூப்பிடவில்லை.

"இந்தத் தடவையும் காத்து வரலன்னா கமலா?"

"வரலன்னா வாருவாங்க" என்றேன்.

அப்புறம் வைத்தியைக் கூப்பிட்டீர்கள். அவர் அந்தப் பக்கம், "மறுபடியுமா சார்? சரி வுடுங்க. பொம்பளைங்க நேத்தே சாக்கெல்லாம் தச்சு வெச்சிருக்காளுங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது.

மறுநாள் காற்று வந்தது. நாம் பாலத்தைத் தாண்டும்போதே வண்டி ஆடியது. ஊருக்குள் மணல் கண்ணில் அடித்தது, வேப்பமரம் தலைவிரித்து ஆடியது. சாக்கோடு வந்த பெண்கள் வார முடியாமல் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் மேலேதான் பார்த்தோம். சிறுமிகள் கயிறு சுற்றுவது போலக் கம்பிகள் சுழன்றன. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. அடித்துக்கொண்டபோதெல்லாம் தனம் என் கையை இறுக்கினாள். பொறி இல்லை, சத்தம் இல்லை, கீழே சருகும் இல்லை. நான்கு மணிக்குக் காற்று தணிந்ததும் ஏழுமலை கம்பியோடு கம்பியாக நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல சார். போடலாம்."

வைத்தி தாடையைச் சொறிந்தார். "ஏன் சார், ஒண்ணும் நடக்காம இருக்கத்தான் இவ்ளோ வருஷமா ஆராய்ச்சி பண்ணீங்களா?"

"ஆமாம் வைத்தி. அதுக்குத்தான்."

"நிறுத்தாம இருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதோ என்னமோ."

"இருக்கலாம்" என்றீர்கள். "அத யாராலயும் நிரூபிக்க முடியாது." அப்படிச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தக் கோடை முடிகிற வரைக்கும் அந்த ஊர் முடியாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் கடலூரில் அதிகாரிகள் கூட்டம். நான் வெளியே பெஞ்சில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து திறந்து மூடியதில் பாதிப் பேச்சு கேட்டது. எவ்வளவு நஷ்டத்தைத் தடுத்தீர்கள் என்று யாரோ கேட்டார். தெரியாது என்றீர்கள். அப்புறம் எப்படி மற்ற ஊருக்கெல்லாம் விரிக்கச் சொல்கிறீர்கள் என்றார். காற்று இல்லாத நாளில் நிறுத்தினாலும் வீணில்லை, கம்பிக்கு அடியில் சுத்தமாகிறது, ஊரே அதைச் செய்துகொள்கிறது என்று தனத்தின் பேரைச் சொல்லிச் சொன்னீர்கள். வெளியே வந்து, "இன்னும் ரெண்டு ஊருக்குச் சரின்னுட்டாங்க" என்றீர்கள். பீச்சுக்குப் போய்ச் சுண்டல் வாங்கினோம். நீங்கள் உங்கள் பங்கைத் தின்றுவிட்டு என் பொட்டலத்திலும் கை வைத்தீர்கள். உப்பு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னிக்கு மட்டும்" என்றீர்கள். விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் அப்படி விட்டது நல்லதாகத்தான் போயிற்று.

ஐப்பசி மழையில் போய்விட்டீர்கள். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை மாமா, எழுதவும் வேண்டாம். மணல் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். உங்கள் தலைமாட்டில் வைத்தி சத்தமே இல்லாமல் நின்றார். மைக் இல்லாமல் அவருக்குப் பேசத் தெரியாது என்று தனம் என் காதில் சொன்னாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது உங்கள் வேலையைப் பர்வீன் பார்க்கிறாள். உங்களிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அதே பரங்கிப்பேட்டைப் பெண்தான். உங்கள் மேஜைதான், ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறாள். இந்த வருஷம் மூன்று ஊர். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் போய்வருகிறேன். பஸ்ஸில்தான். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் கை தானாக முன்னால் இருப்பவர் தோளுக்குப் போகிறது. ஒரு தடவை ஒரு போலீஸ்காரரின் தோளைப் பிடித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, பாலம் கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் பர்வீன் போன் செய்தாள். புது ஊர், அவள் முதல் தடவையாக நிறுத்தச் சொல்லவேண்டிய நாள். "அம்மா, நாளைக்கு நிறுத்தச் சொல்லலாமா வேணாமான்னு பயமா இருக்கு. காத்து வரலன்னா என்னைக் கிழிச்சுடுவாங்க. சார் இருந்தா என்னம்மா சொல்லுவாங்க?"

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. நீங்களும்தான் பயந்தீர்கள், போனைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்தினீர்கள் என்று சொன்னேன். சொன்னதும் அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது கேட்டது. "சாருமா பயந்தாங்க?" "பயந்தாங்க. பயந்துக்கிட்டே கூப்ட்டாங்க." அவளும் கூப்பிட்டாள். மறுநாள் காற்று வரவில்லை. என்னவெல்லாம் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே அழுதாள், பாதியில் சிரித்தாள். நான் தனத்தை அனுப்பினேன். போய் எப்படி வாருவது என்று காட்டிவிட்டு வந்திருக்கிறாள். புது ஊர்ப் பெண்களுக்கு வாரவே தெரியவில்லை, மண்ணோடு அள்ளுகிறார்கள் என்று ஒரே புகார்.

முந்தாநாள் பெருங்காற்று. மூன்று ஊரிலும் முதல் நாளே சொல்லி நிறுத்தியிருந்தார்கள். இங்கே வீதியில் கடைத் தட்டிகள் எல்லாம் படபடத்தன, வாசலில் நின்ற சைக்கிள் விழுந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு மதியம் வந்தால் நீங்கள் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பீர்கள், உங்கள் பின்னாலேயே என் கண்ணும் நடக்கும். முந்தாநாள் நான் சன்னலைச் சாத்தினேன். எங்கெங்கே கம்பி சும்மா ஆடிக்கொண்டிருக்கும், எந்தெந்தச் சுவரோரம் யார் யார் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தனம், வைத்தி, ஏழுமலை, பர்வீன். எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். பாயை விரித்துப் படுத்தேன். சாயங்காலம் ஏழுமலை, "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லப் போன் அடித்துத்தான் எழுந்தேன் மாமா. அவ்வளவு நல்ல தூக்கம்.